ஏர், மாடு, அடுத்த வரியில் ஒரு மூதாதை

அமெரிக்காவில் ஒரு கறுப்பினக் குடும்பம் தன் முன்னோரைத் தேடிப் புறப்பட்டால், பெரும்பாலும் 1870-இல் போய் முட்டி நிற்கும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களில் பெரும்பாலோர் அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முதலாகப் பெயரோடு பதிவானார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனிப் படிவம் இருந்தது. எஜமானின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம். அடிமையின் பெயருக்கு அதில் கட்டமே கிடையாது.

பெயரை எழுதியே தீர வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் எஜமான் இறந்த பிறகுதான் வந்தது. அவர் உயில் எழுதியிருந்தாலும் எழுதாமல் போயிருந்தாலும், கடன்காரர்களுக்காகவும் வாரிசுகளுக்காகவும் அவர் சொத்துக்குக் கவுன்டி நீதிமன்றத்தில் கணக்குக் காட்ட வேண்டும். நீதிமன்றம் அக்கம்பக்கத்தார் சிலரை மதிப்பீட்டாளர்களாக நியமிக்கும். அவர்கள் பண்ணைக்குப் போய் ஏர், மாடு, கட்டில், செம்புப் பாத்திரம் என்று ஒவ்வொன்றாக விலை போட்டு எழுதுவார்கள். அதே பட்டியலில் மனிதர்களும் வருவார்கள். இன்னார் என்று பெயர் சொல்லாமல் ஓர் ஆளை எப்படிப் பங்கு பிரிப்பது?

அந்தப் பட்டியலை விரல் வைத்துப் படிக்க வேண்டும். ஒரு பெண்ணின் பெயர், பக்கத்திலேயே 'குழந்தையுடன்' என்று ஒரு குறிப்பு, இருவருக்கும் சேர்த்து ஒரே விலை. பருவ வயது ஆணுக்கு எல்லாரையும்விட அதிக விலை. உழைத்து ஓய்ந்த கிழவிக்கு நேரே சுழியம். சில ஆண்டுகள் கழித்து அதே எஸ்டேட்டின் பாகப்பிரிவினைத் தாளைப் பார்த்தால், அந்தக் குழந்தை தனிப் பெயரோடும் தனி விலையோடும் நிற்கும். எந்த ஆண்டுவாக்கில் பிறந்தது, தாய் யார் என்று ஊகிக்க, பல குடும்பங்களுக்கு இதைவிட்டால் வேறு சான்று இல்லை. பங்குகளின் பணமதிப்பு சமமாக வர வேண்டும் என்பதற்காகவே தாய் ஒரு வாரிசுக்கும் மகன் இன்னொரு வாரிசுக்கும் போன கதையும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

முன்னாள் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் 1826 ஜூலை 4 அன்று இறந்தபோது ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் இருந்தது. உயிலில் அவர் விடுதலை தந்தது ஐந்தே பேருக்கு. அவருடைய மான்டிசெல்லோ பண்ணையின் கொல்லர் ஜோசப் ஃபாசெட் அவர்களில் ஒருவர். ஆனால் மனைவி ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் விடுதலை இல்லை. 1827 ஜனவரியில் ஏலத்துக்கு வந்த 130 பேரில் அவர்களும் இருந்தார்கள். 11 வயது மகன் பீட்டர், 1850 வரை விடுதலைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெஃபர்சனின் பிள்ளைகளைப் பெற்ற சாலி ஹெமிங்ஸுக்கு மதிப்பீட்டாளர்கள் போட்ட விலை 50 டாலர். இந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்களை இன்று அடையாளம் காண முடிகிறது என்றால், ஒரு குடியரசுத் தலைவரின் ஆவணங்களைப் பலர் தலைமுறை தலைமுறையாகப் படித்ததும் அதற்குக் காரணம். பெயர் தெரியாத பண்ணையாரின் ஆவணக் கட்டைப் படிக்க யார் இருக்கிறார்கள்?

என் குறை இங்கேதான். இந்தக் கட்டுகளின் அட்டவணை பெரும்பாலும் இறந்த எஜமானின் பெயரில் இருக்கிறது. ஹன்னா என்ற கொள்ளுப்பாட்டியைத் தேடிவரும் பெண், முதலில் அவரை வைத்திருந்தவனைத் தேட வேண்டும். விடுதலைக்குப் பின் எல்லாரும் கடைசி எஜமானின் குடும்பப் பெயரை வைத்துக்கொள்ளவில்லை என்பதால் அதுவும் எளிதில்லை. 1870-இல் அக்கம்பக்கம் குடியிருந்த வெள்ளையர்களை ஒவ்வொருவராக எடுத்து, அவர்கள் வீட்டுச் சாவுகளைத் துழாவ வேண்டும். உள்நாட்டுப் போரில் நீதிமன்றம் எரிந்துபோன கவுன்டி என்றால் அந்த வழியும் அடைபட்டது.

இதை மாற்ற முடியும் என்று வரலாற்றாசிரியர் க்வெண்டலின் மிட்லோ ஹால் காட்டிவிட்டார். 1980களில் லூசியானாவின் புவான்ட் கூபே நீதிமன்றத்தில் பழைய தாள்களோடு உட்கார்ந்தவர், அடிமைகளாக இருந்த சுமார் ஒரு லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2000-இல் வெளியிட்டார். பெயர், வயது, தொழில், சிலருக்கு ஆப்பிரிக்காவில் எந்த இனம் என்பதுகூட அதில் உண்டு. வர்ஜீனியா மாநில நூலகமும் இப்படியான பெயர்த் தொகுப்பில் இறங்கியிருக்கிறது. மற்ற இடங்களில் இதைத் தன்னார்வலர்களின் ஓய்வுநேரத்துக்கு விட்டுவிடக் கூடாது. அன்று அந்தப் பட்டியல்களைப் பதிவுசெய்யக் கட்டணம் வாங்கியவை கவுன்டி நீதிமன்றங்கள். அதிலுள்ள பெயர்களைத் தனியே எடுத்து அட்டவணையாக்கும் செலவையும் அவையே ஏற்க வேண்டும்.