குடிபெயர்ந்தவர் எந்த மஹல்லாவைச் சேர்ந்தவர்?



ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில் கம்பம், உத்தமபாளையம் பகுதிகளில் சில வீடுகள் பூட்டப்படுகின்றன. பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது, சாமான்கள் லாரியில் ஏறிவிட்டன, குடும்பம் சென்னைக்கோ கோவைக்கோ திருப்பூருக்கோ புறப்படுகிறது. மதரஸாவில் ஓதும் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டிலும் அந்தப் பெயர்கள் அடிக்கப்படுகின்றன. "இப்படிப் போவது சரிதானா ஹஜரத்?" என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. பெரும்பாலும் முன்பணம் கொடுத்துவிட்டு வந்துதான் கேட்பார்கள்.

போவது தவறென்று நான் சொல்வதில்லை. அல்லாஹ்வின் பூமி விசாலமானது என்பதைக் குர்ஆன் அந்நிஸா அத்தியாயத்தில் நினைவூட்டுகிறது. நம் பள்ளத்தாக்கின் மக்களும் எங்கிருந்தோ வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள்தாம். இராவுத்தர் என்ற சொல்லுக்குத் தமிழில் குதிரை வீரன் என்றே பொருள். குதிரையேறியவன் ஒரே இடத்தில் இருந்திருக்க மாட்டான்.

ஆயினும் இன்றைய குடிபெயர்வு நமக்குப் புதியது. 1895ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணையின் நீர் இங்கு வந்தது முதல் இப்பள்ளத்தாக்கு உழைப்பவரை ஊரிலேயே வைத்துக்கொண்டது. 14,707 ஏக்கரில் இருபோக நெல், அதன் பின் திராட்சை, வாழை, தென்னை. வெளியே போனாலும் மலைக்குத்தான் போனார்கள். விடியும் முன்பே கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஜீப்கள் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும், மாலையில் திரும்பும். வண்டன்மேட்டில் தோட்டம் வைத்திருப்பவரும் ஜும்ஆவுக்குச் சொந்த மஹல்லாவில் நின்றார். மேற்படிப்புக்கும் ஊரை விட வேண்டியிருக்கவில்லை. 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி தொடங்கப்பட்டது. எனவே வேலை ஓரிடம், வீடும் ஜமாஅத்தும் வேறிடம் என்ற வாழ்க்கை நமக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தையே நாம் சென்னைக்கும் கொண்டு போகிறோம் என்பதுதான் என் கவலை. மலைக்குப் போனவர் அன்று மாலையே திரும்பினார். சென்னைக்குப் போனவர் பெருநாளைக்குத்தான் திரும்புகிறார்.

மலைப் பிழைப்பும் அத்தனை உறுதியானதன்று. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை மூண்டபோது எல்லைச் சாலைகள் அடைபட்டு, தோட்டங்களிலிருந்து நம் மக்கள் ஓடி வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஏல விலை ஓராண்டு ஏறினால் மறு ஆண்டு சரிகிறது. பட்டம் பெற்ற பிள்ளைக்கு அந்தப் படிப்புக்குரிய வேலை தேனி மாவட்டத்தில் அரிது. மகளைப் படிக்க வைக்க விரும்பும் பெற்றோருக்கு, அவளைத் தனியே விடுதியில் விடுவதைவிடக் குடும்பமே உடன் செல்வது மேலாகத் தோன்றுகிறது. இவையெல்லாம் நியாயமான காரணங்கள். ஊரில் இருந்தால்தான் தீன் நிலைக்கும், நகரத்துக்குப் போனால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று மிம்பரில் சொல்வோரும் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. கைபேசி கம்பத்திலும் இருக்கிறது.

நகரத்தில் நம் குடும்பங்கள் இழப்பது வேறொன்று. பத்து ஆண்டு சென்னையில் வாழ்ந்தவரிடம் உங்கள் மஹல்லா எது என்று கேளுங்கள். கம்பத்திலுள்ள பள்ளிவாசலின் பெயரைச் சொல்வார். சந்தா அங்கே, ஸகாத் அங்கே, குர்பானியும் அங்கே. தெருமுனைப் பள்ளியில் ஜும்ஆ தொழுவார். அப்பள்ளியின் இமாம் இவர் முகத்தை அறிவார், பெயரை அறியமாட்டார். ஊர் ஜமாஅத்தின் வாட்ஸப் குழுவில் யார் மௌத்தானாலும் அரைமணி நேரத்தில் இவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த தெரு ஜனாஸா தெரியாது. பிள்ளைகள் விடுமுறையில் ஊருக்கு வந்தால் மதரஸாவில் சேர்க்கிறார்கள். முப்பது நாளில் மூன்று சூரா ஓதிவிட்டு, திரும்பிப் போய் மறக்கிறார்கள். மனைவியின் நிலை இன்னும் கடினம். இங்கே நாத்தனாரும் பக்கத்து வீட்டாரும் சூழ இருந்தவர், அங்கே பகல் முழுவதும் பூட்டிய கதவுக்குள் இருக்கிறார்.

இதன் முழு விலை நிகாஹிலும் ஜனாஸாவிலும் தெரிகிறது. பெண்ணுக்கு நிகாஹ் பேசினால் ஜமாஅத் கடிதம் வேண்டும். ஊர் ஜமாஅத் கொடுக்கும். ஆனால் பதினைந்து ஆண்டாகக் கண்ணில் படாத குடும்பத்தைப் பற்றி அது எதை உறுதி கூறும்? விசாரிக்க வரும் மாப்பிள்ளை வீட்டார் யாரிடம் கேட்பார்கள்? ஜனாஸாவோ இன்னும் வேதனை. நகரத்தில் ஒருவர் மௌத்தானால், அங்குள்ள மையவாடியில் இடம் கேட்க உறுப்பினர் பதிவு இல்லை. உடனே குளிர்பதன ஆம்புலன்ஸ் பிடித்து, 500 கிலோமீட்டருக்கு மேல் இரவெல்லாம் மய்யித் பயணம் செய்கிறது. ஜனாஸாவை விரைவுபடுத்துமாறு அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். மௌத்தான ஊரிலேயே அடக்குவதுதான் விரும்பத்தக்கது என்று நம் ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. ஊர் மண்ணில் அடங்க வேண்டும் என்ற ஆசையை நான் குறை கூறவில்லை. ஆனால் பல குடும்பங்களில் அது ஆசைகூட அன்று. வேறு இடமில்லை, அவ்வளவுதான்.

ஹிஜ்ரத்தின் வரலாற்றை முஹர்ரம் மாதந்தோறும் பேசுகிறோம். குடிபெயர்வோர் கவனிக்க வேண்டிய பகுதியை மட்டும் விட்டுவிடுகிறோம். முஹாஜிர்கள் மதீனாவை அடைந்தபோது அவ்வூரின் காய்ச்சல் அவர்களைப் பீடித்தது. அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோர் படுத்துவிட்டார்கள். மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு முளைக்கும் புல்லையும் நினைந்து பிலால் (ரலி) கவிதை பாடினார்கள். ஊர் ஏக்கம் ஸஹாபாக்களுக்கும் இருந்தது. அதைக் கேட்டறிந்த நபி (ஸல்) அவர்கள், மக்காவை நேசித்தது போல, அல்லது அதைவிடக் கூடுதலாக, மதீனாவையும் எங்களுக்கு நேசத்திற்குரியதாக ஆக்குவாயாக என்று அல்லாஹ்விடம் துஆ செய்தார்கள். வந்த ஊரை நேசிக்கும் உள்ளத்தையே கேட்டார்கள். பின்னர் ஹிஜ்ரி 10இல் ஹஜ்ஜுக்காக மக்கா வந்து பத்து நாள் தங்கியபோது, பிறந்து 53 ஆண்டு வாழ்ந்த அந்த ஊரில் பயணியாகக் கஸ்ரு செய்து இரண்டு ரக்அத்தாகத் தொழுதார்கள்.

நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் சட்டமும் இதுவே. சொந்த ஊரை முற்றாக விட்டு, வேறோர் ஊரைக் குடும்பத்துடன் நிலையான இருப்பிடமாக்கிக் கொண்டவர், பழைய ஊருக்கு 15 நாளுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணத்துடன் வந்தால் அங்கே அவர் பயணிதான். (ஷாஃபிஈ மத்ஹபில் நாள் கணக்கு வேறு, மனைவி மக்கள் இங்கேயே இருந்தாலும் சட்டம் மாறும். உங்கள் நிலையைச் சொல்லி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடுகிறது. "என் ஊரில் நான் முஸாஃபிரா?" என்கிறார்கள். அப்படியானால் எந்த ஊரில் நீங்கள் முகீம் என்பதை முடிவு செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

புறப்படும் முன் வாடகையும் பள்ளிக்கூடமும் விசாரிப்பது போல, நடந்து போகும் தூரத்தில் பள்ளிவாசல் உண்டா, சுபுஹு அல்லது அஸருக்குப் பின் மதரஸா நடக்கிறதா, பெண்கள் மார்க்கம் கற்க இடமுண்டா என்று விசாரியுங்கள். போன முதல் வாரத்திலேயே ஜமாஅத் அலுவலகத்தில் பெயர் கொடுத்துச் சந்தாவைத் தொடங்குங்கள். ஊர்ப் பள்ளிக்கு ஸதகா அனுப்புவதை யாரும் தடுக்கவில்லை.

பெற்றோரின் விஷயம் தனி. ஹிஜ்ரத்துக்கு பைஅத் செய்ய வந்த ஒருவர், தாய் தந்தையை அழவிட்டு வந்ததாகச் சொன்னபோது, திரும்பிப் போய் அவர்களை அழவைத்தது போலவே சிரிக்கவும் வை என்று நபி (ஸல்) அவர்கள் அனுப்பிவிட்டார்கள். ஹிஜ்ரத்துக்கே இதுவென்றால் சம்பள உயர்வுக்கு என்ன சொல்ல? அத்தாவும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருந்து, மனமுவந்து வழியனுப்பினால் போங்கள். இப்போது 2023 ஜூன் முதல் போடியிலிருந்து சென்னைக்கு ரயிலும் ஓடுகிறது. வந்து போவது முன்பு போல் கடினமில்லை. ஆனால் ஒருவர் படுக்கையில் இருந்து, கவனிக்க வேறு பிள்ளையும் இல்லாவிட்டால், அந்தக் குடும்பம் இவ்வாண்டு போகக் கூடாது என்றே நான் சொல்வேன். மாதம் அனுப்பும் பணம் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்காது.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு சொல். வாடகைக்கு இருப்பவர் என்பதற்காகப் பெயரைப் பதிவேட்டில் ஏற்கத் தயங்கும் மஹல்லாக்கள் நகரங்களில் உண்டு. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள் மதீனாவாசியான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள். வந்தவரோ சந்தைக்கு வழி கேட்டார்கள். நம் பிள்ளைகளும் செல்வத்தைக் கேட்கவில்லை. பதிவேட்டில் ஒரு வரியும் மையவாடியில் ஓர் இடமும்தான் கேட்கிறார்கள். நம் ஊர் ஜமாஅத்துகளும் இதற்கு உதவலாம். நிகாஹுக்குக் கடிதம் கொடுப்பது போல, குடிபெயரும் குடும்பத்துக்கும் அவர்கள் போகும் மஹல்லாவின் முத்தவல்லிக்கு முகவரியிட்ட ஓர் அறிமுகக் கடிதம் கொடுக்க வேண்டும். குடும்பத் தலைவர் பெயர், உறுப்பினர்கள், பிள்ளைகள் எதுவரை ஓதியிருக்கிறார்கள் என்ற விவரம், ஜமாஅத்தின் முத்திரை. இன்ஷா அல்லாஹ், அடுத்த மே மாதத்துக்கு முன் இதைத் தொடங்கிவிடலாம். மதரஸா விவரங்களை எழுதித் தரும் பொறுப்பை எங்களைப் போன்ற உஸ்தாதுகள் ஏற்றுக்கொள்வோம்.