இறங்கி வர்ற அதிகாரம் யார் வீட்டுக்குப் போவுது?

மாநில சுயாட்சி பேசும் அறிஞர்கள் 1969இல் போட்ட இராஜமன்னார் குழு, 1974 சட்டமன்றத் தீர்மானம் என்று வரிசையாகச் சொல்வார்கள். அம்பேத்கர் பெயர் வராது. வந்தாலும் 'வலுவான மத்திய அரசு கேட்டவர்' என்று ஒரே வரியில் கணக்கை முடிச்சிடுவாங்க. கம்பைநல்லூர் காலனிக்காரனான நான் இதைக் கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியாது.

கொலம்பியாவில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயமே அதிகாரப் பகிர்வுதான். 1833இல் எல்லாப் பணமும் மையத்தில் குவிந்தது, 1871இல் மேயோ மாகாணங்களுக்கு ஒதுக்கீடு கொடுத்தது, பிறகு வருவாயையே பங்கு பிரித்தது எல்லாம் அதில் இருக்கிறது. 1925இல் செலிக்மன் முன்னுரையோடு புத்தகமாக வந்தது. 1939இல் பூனாவில் கூட்டாட்சி பற்றிப் பேசினார். 1955இல் மொழிவழி மாநிலங்கள் பற்றி எழுதினார். முப்பது வருஷப் படிப்பு! அவரைச் சாதித் தலைவர் அலமாரியில் அடைச்சுட்டு, கூட்டாட்சி அலமாரிக்கு வேற ஆள் தேடுறாங்க.

மொழிவழி மாநிலத்தில் பெருஞ்சாதிதான் ஆளும், எண்ணிக்கையில் சிறிய சாதிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றார். 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பெருமையைப் போட்டு உடைத்தார். அதே மாதம் 22ஆம் தேதி பஞ்சாயத்துப் பிரிவு சேர்ந்தது. 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. 1997 ஜூன் 30இல் மேலவளவுத் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 2006 வரை தலித் தலைவர் நிலைச்சு உக்கார முடியலை. 2020இல் தெற்குத்திட்டைத் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்கள். அம்பேத்கர் பயந்தது வீண் பயமா?

எங்க மாவட்டத்துக்கே வாங்க. 2012 நவம்பர் 7இல் நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூணு காலனியையும் கொளுத்தினாங்க. போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிற அதிகாரம். டெல்லி அதைப் பிடுங்கி வெச்சிருக்கலை.

டெல்லி நம்ம வரிப்பணத்தை அள்ளிக்கிட்டுப் போவுதுன்னா, அதை எதிர்த்து நானும்தான் கத்துறேன். ஆனா 2016 அக்டோபரிலிருந்து 2022 வரைக்கும் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளைத் தேர்தல் இல்லாம தனி அலுவலர் ஆண்டாரே, அப்ப எந்தச் சுயாட்சி அறிஞர் வாயைத் திறந்தார்?

2025இல் குரியன் ஜோசப் தலைமையில் மறுபடியும் ஒரு குழு போட்டாங்க. நல்லது. டெல்லிகிட்ட கேட்டு வாங்குற ஒவ்வொரு அதிகாரத்துக்கும் பக்கத்துல, காலனிக்கு என்ன பாதுகாப்புன்னு எழுதிக் காட்டுங்க. அப்புறம் ஒரே மேடையில் உக்காருவோம்.