பூங்காவை நம்பி வாங்கும் மனை

பக்கத்தில் கேளிக்கைப் பூங்கா என்று சொன்னால் மனை விரைவில் விலைபோகும். பூங்கா பிழைக்குமா என்று எவரும் கேட்பதில்லை.

மகாராஷ்டிரத்தில் கோப்போலி அருகே 2013இல் திறக்கப்பட்ட இமேஜிக்கா பெருங்கடனில் எழுந்தது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. வட்டியோ தவறாமல் வந்தது. உபரி நிலத்தை விற்றுக் கடனைக் குறைக்கும் திட்டமும் கைகொடுக்கவில்லை. 2022இல் நிறுவனம் மல்பானி குழுமத்தின் வசமானது. கடன் கொடுத்தோர் நிலுவையில் ஒரு பகுதியை இழந்தனர். (எங்கள் தொழிலில் இது கசப்பான பாடம்.) கொச்சியில் 2000இல் வீகாலாந்தாகத் தொடங்கிய வொண்டர்லா நிதானமாக நடந்தது: பெங்களூருப் பூங்கா 2005இல், ஐதராபாத் 2016இல்.

பூங்கா விரிவாக்கமும் மனை விற்பனையும் ஒரே அறிவிப்பில் வந்தால் நான் ஐயுறுவேன். நிலம் ஒருமுறைதான் விலைபோகும். வட்டியை நுழைவுச்சீட்டு வருமானமே ஆண்டுதோறும் தாங்க வேண்டும்.

முதலமடையில் தோப்பையோ வயலையோ பிரித்த மனைக்கு ஆசைப்படுவோர், முன்பணம் தந்தபின் கடன் கேட்டு வருவதைவிட அதற்கு முன்பே வருவது நன்று. வில்லங்கச் சான்று மட்டும் போதாது. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படியான தரவுப் பட்டியலில் அந்நிலம் உள்ளதா என்பதைக் கிருஷிபவனில் கேட்டறியுங்கள். பட்டியலில் இருந்தால் அங்கே வீடு கட்ட அனுமதி பெறுவது அரிது.