பயிற்சிக்கு முன் ஒரு கேள்வி: எந்தத் தண்ணீர்?

நாள்பட்ட கழுத்து வலிக்கு உடற்பயிற்சி பலன் தருமா என்ற விவாதம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. பின்லாந்தில் 180 பெண் அலுவலகப் பணியாளர்களிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில், கழுத்துத் தசைகளுக்கு வலிமைப் பயிற்சியோ தாங்குதிறன் பயிற்சியோ ஓராண்டு செய்தவர்களுக்கு வலியும் இயலாமையும் தெளிவாகக் குறைந்தன. நீட்சிப் பயிற்சியும் பொதுவான உடற்பயிற்சியும் மட்டும் சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை.

ஆனால் தர்மபுரி மாவட்டத்தில் இயன்முறை மருத்துவர்களான நம்மிடம் வருபவர்கள் வேறு. பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர், இளமை முழுவதும் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தவராக இருக்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டபின் காவிரி நீர் வந்தது. அதற்கு முன்பே எலும்பில் சேர்ந்த ஃபுளோரைடு குழாய் மாறியதும் போய்விடுவதில்லை.

இப்படி ஃபுளோரைடு சேர்வதால் வரும் எலும்பு ஃபுளோரோசிஸ் நோயில் முதுகெலும்புத் தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து கழுத்து இறுகுகிறது. தண்டுவடக் குழாயும் குறுகலாம். இதைத் தேய்மானம் என்று எழுதி, இழுவை சிகிச்சையோ கழுத்தைத் திருகும் கைமுறையோ கொடுத்தால் நெருக்கப்பட்ட தண்டுவடத்துக்கு ஆபத்து.

ஆகவே முதல் நாளிலேயே எந்த ஊர், எத்தனை வருடம், எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும். பற்களில் பழுப்புக் கறை உண்டா என்று பார்க்க வேண்டும். தாடை நெஞ்சைத் தொடுகிறதா, கைகள் தலைக்குப் பின்னால் போகின்றனவா, குனிய முடிகிறதா என்ற மூன்று எளிய சோதனைகளுக்குக் கருவியே வேண்டாம். சந்தேகம் இருந்தால் முன்கை எக்ஸ்ரேயும் கேட்கலாம்; இரு எலும்புகளுக்கு இடையிலான சவ்வில் படிந்த சுண்ணாம்பு அதில் தெரியும். நடை தள்ளாட்டம், சட்டைப் பொத்தான் போடத் தடுமாற்றம், மிகைத்த அனிச்சைச் செயல், ஹாஃப்மன் அல்லது பாபின்ஸ்கி குறி, தண்டுவட நெருக்கத்தைக் காட்டும் இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தொடங்காமல் நரம்பியல் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

தண்டுவடக் குறிகள் இல்லாதவருக்கு உடற்பயிற்சி தாராளமாக உதவும். ஆனால் இறுகிய கழுத்தை வளைய வைப்பது இலக்காக இருக்கக்கூடாது. இருக்கும் அசைவு எல்லைக்குள், மல்லாந்து படுத்து மெல்லத் தலையசைத்து ஆழ்ந்த கழுத்துத் தசைகளை 10 விநாடி நிறுத்தி 10 முறை இயக்குவது, தோள்பட்டை எலும்பைப் பின்னிழுக்கும் பயிற்சி, அசைவில்லா எதிர்ப்புப் பயிற்சி ஆகியவற்றில் தொடங்கிப் படிப்படியாகச் சுமை கூட்டலாம். வலி குறைந்ததா என்பதோடு, குடம் தூக்கவும் களை எடுக்கவும் முடிகிறதா என்றும் அளக்க வேண்டும்.

2021 ஆகஸ்டு 5 அன்று அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம், இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வீட்டுக்குப் போகும் இயன்முறை மருத்துவருக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பது கண்ணெதிரே தெரியும். நோயாளி அட்டையில் அதற்கென ஒரு வரி இனி கட்டாயமாக வேண்டும்.