மலை ஏறிய வண்டி சந்தையில் சறுக்குவதேன்?

ஏற்காட்டு அடிவாரத்தில் மின்சாரக் கார் வைத்திருப்போருக்குக் கிடைக்கும் இலவச யோசனை ஒன்று உண்டு: "இது மலைக்கு ஆகாது, கொடுத்துவிட்டுப் பெட்ரோல் வண்டி எடுங்கள்." பழி மலையின் தலையில்! மலை செய்த குற்றம் என்ன?

சேலத்தைவிட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றரை டன் காரை அவ்வளவு உயரம் தூக்க ஏறத்தாழ 5 யூனிட் மின்சாரம் வேண்டும். உராய்வுக்கும் காற்றுக்கும் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். 30 யூனிட் கொள்ளும் பேட்டரிக்கு இது பெரும் பாரமல்ல. இறங்கும்போதோ, சக்கரம் மோட்டாரைச் சுழற்றி, செலவானதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்கே திருப்பித் தருகிறது. பெட்ரோல் வண்டி இறக்கத்திலே பிரேக்கைச் சூடாக்குவதன்றி எதைச் சம்பாதிக்கிறது?

மலையிலே தோற்காத வண்டி, பழைய வண்டிச் சந்தையிலே தோற்கிறது. கடன்பட்டு வாங்கிய காரை நான்கு ஆண்டு ஓட்டிவிட்டு ஒருவர் மாற்றப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டியானால் என்ஜின் சத்தத்தைக் கேட்டே மெக்கானிக் விலை சொல்லிவிடுவார். பேட்டரியில் எவ்வளவு உயிர் மிச்சம்? விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. "எப்போது போகுமோ!" என்ற ஒரு வார்த்தையிலே விலை சரிகிறது. எட்டாண்டு உத்தரவாதம் தரும் கம்பெனிகள் உண்டு, மறுக்கவில்லை. உத்தரவாதச் சீட்டு இன்றைய தேய்மானத்தைச் சொல்லுமா?

இந்தச் சரிவைத் தடுக்க டில்லி என்ன செய்தது? 2024 டிசம்பர் 21-ல் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பழைய மின்சாரக் காரை வணிகர் விற்றால் அவரது லாபத்தின் மீதான வரியை 12 சதவிகிதத்திலிருந்து 18 ஆக உயர்த்தியது. புதிய மின்சாரக் காருக்கு 5 சதவிகிதம்தான்! தனிமனிதர்கள் தமக்குள் விற்றுக்கொண்டால் வரி இல்லை என்றார்கள், உண்மைதான். ஆனால் மாற்று வண்டி கேட்பவர் வணிகரிடம்தானே போகவேண்டும்? அவருடைய வரி இவருடைய விலையிலேதான் கழியும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் காரின் வரியும் 28-லிருந்து 18 ஆயிற்று. புதிய பெட்ரோல் வண்டி மலிந்தால் பழைய மின்சார வண்டியை நாடுவோர் யார்?

கவுன்சிலிலே மாநிலங்களும் உட்கார்ந்திருந்தனவே என்பார்கள். இருந்தன. ஓட்டில் மூன்றிலொரு பங்கு மத்திய சர்க்காரிடம். முக்கால் பங்கு ஆதரவின்றி எதுவும் நிறைவேறாது. டில்லி தலையசைக்காமல் அங்கே ஒரு துரும்பும் அசையாது.

தமிழகத்துக்கு இது வெறும் வரிக் கணக்கல்ல. 2023-ல் மின்சார வண்டிக் கொள்கை வெளியிட்டு, சாலை வரியைத் தள்ளுபடி செய்து, தொழிற்சாலைகளை வரவேற்ற மாநிலம் இது. ஓசூரிலே, கிருஷ்ணகிரியிலே மின்சார ஸ்கூட்டர்கள். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை. முதல் வண்டியை விற்றவர் கையைச் சுட்டுக்கொண்டால், இரண்டாம் வண்டிக்கு அந்த ஆலைகளின் வாசலுக்கு வருவாரா?

ஐரோப்பிய நாடுகளில் 2027 பிப்ரவரி 18 முதல் மின்சாரக் கார் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் அதன் விவரங்களடங்கிய கடவுச்சீட்டு கட்டாயம் என்று சட்டம் செய்துவிட்டார்கள். இங்கே பெட்ரோல் வண்டிக்குப் புகைச் சான்று இல்லாவிட்டால் அபராதம். பேட்டரியையும் அளந்து, முத்திரையிட்ட சான்று தர, ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் ஒரு கருவி வைக்கவேண்டும். பழைய மின்சார வண்டியின் வரியும் 5 சதவிகிதத்துக்கு வரவேண்டும். முதலாவதைத் தமிழக அரசே சேலத்தில் தொடங்கலாம். இரண்டாவதற்கு அடுத்த கவுன்சில் கூட்டத்திலே நமது மாநிலத்தின் குரல் எழட்டும்.