வியர்வைக்கு வெட்கம் வேண்டாம்

கரக்பூர் வளாகத்தில் நமக்கு வாகனம் சைக்கிளே. சென்ற வாரம் மழைக்காலப் புழுக்கத்தில் மிதித்து வந்து வகுப்பில் அமர்ந்தேன். பக்கத்து நண்பர் மெல்ல நகர்ந்தார். மறுநாள் சென்ட் தெளித்துச் சென்றேன்; இன்னும் தள்ளி உட்கார்ந்தார்!

குற்றம் வியர்வையுடையதன்று. புது வியர்வைக்குப் பெரும்பாலும் மணமில்லை. தோலிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. பருத்தியைவிடப் பாலியெஸ்டர் பனியன் அந்த நாற்றத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே, ஈரப் பனியனைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். உள்புறம் வெளியாகத் திருப்பி, 4 பங்கு நீரில் 1 பங்கு வெள்ளை வினிகர் கலந்து, 30 நிமிடம் ஊறவைத்து, பின்பு துவைத்து நன்றாக உலர்த்துங்கள். பிளீச்சை மட்டும் அதனுடன் சேர்க்காதீர்கள், நச்சுவாயு எழும்.

உழைத்த வியர்வை நமக்குப் பெருமைதான். நம் சோம்பலின் நாற்றத்தைப் பக்கத்து நண்பர் ஏன் சுமக்க வேண்டும்?