மௌனம் ராஜதந்திரமாகாது

அண்டை நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பறித்துக்கொண்டு தன் பிரஜைகளையே சுட்டு வீழ்த்தும்போது, நம் அரசாங்கம் வாய் திறவாதிருப்பதே விவேகம் என்றும், தர்ம நியாயம் பேசுவது கவிகளுக்கும் சந்நியாசிகளுக்கும் உரியதேயன்றி ராஜ்ய பாரம் சுமப்போருக்கு உரியதன்று என்றும் ஓர் எண்ணம் படித்தவர்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணம் உடையோர் தம்மை லாப நஷ்டம் அறிந்தவர்களாகக் கருதுகின்றனர். அவர்கள் போற்றும் லாப நஷ்டக் கணக்கையே விரித்து வைத்துப் பார்த்தாலும் அவர்கள் கொள்கை தோற்றுப்போகிறது என்பதே என் கட்சி. அதற்குப் பர்மாவைக் காட்டிலும் தெளிந்த சாட்சி வேண்டுவதில்லை.

பர்மாவின் துயரம் தமிழர்க்குப் பிறர் வீட்டுக் கதையன்று. 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றி, அடுத்த சில ஆண்டுகளில் வங்கிகளையும் கடைகளையும் அரசுடைமையாக்கியபோது, தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் உழைத்து வாழ்ந்த தமிழர்கள் பல்லாயிரவர் தேடிய பொருளையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே உள்ள பர்மா பஜாரும், அதையொட்டிய தெருக்களில் மாலைதோறும் தட்டில் விழும் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸும் அந்த வெளியேற்றத்தின் எச்சங்கள். மீண்டும் பர்மா செல்லத் தரைவழி புறப்பட்டு, எல்லை கடக்க இயலாமல் மணிப்பூரின் மோரேயிலேயே தங்கிக் கோயில் எழுப்பிக் குடியமர்ந்தவர்களும் உண்டு. ராணுவ ஆட்சி என்பது ஒரு நாட்டின் உள்விவகாரமாகவே நின்றுவிடுவதில்லை என்பதை நாம் அன்றே அறிந்தோம்.

1988-இல் ரங்கூன் வீதிகளில் மாணவர்கள் ராணுவத்தால் சுடப்பட்டபோது டெல்லி மௌனம் சாதிக்கவில்லை. தப்பி வந்தவர்களுக்கு மணிப்பூரிலும் மிசோரத்திலும் முகாம்கள் திறக்கப்பட்டன. அகில இந்திய வானொலியின் பர்மிய ஒலிபரப்பு அம்மக்களின் குரலுக்கு இடமளித்தது. ஆனால் அடுத்த பத்தாண்டின் தொடக்கத்திலேயே, சீனத்தின் செல்வாக்கைத் தடுக்க வேண்டும், வடகிழக்குக் கலகக்காரர்களை ஒடுக்க வேண்டும், கடலடி எரிவாயுவைப் பெற வேண்டும் என்ற மூன்று காரணங்களைக் காட்டி, நம் அரசாங்கம் அந்தத் தளபதிகளோடு உறவாடத் தொடங்கியது.

அந்த உறவின் பலன் என்ன? 2007 செப்டம்பரில், செங்காவி உடுத்த பிக்ஷுக்கள் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஆயிரக்கணக்கில் வெறுங்காலோடு வீதியில் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், நம் பெட்ரோலிய அமைச்சர் பர்மியத் தலைநகர் நேபிடா சென்று எரிவாயு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகக் கண்டு திரும்பினார். சில நாட்களில் அந்தப் பிக்ஷுக்கள்மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. நம் அரசு நிறுவனங்களே பங்குகொண்டிருந்த ஷ்வே என்னும் கடலடி வயலின் வாயுவோ சீனத்துக்கு விற்கப்பட்டு, 2013 முதல் குழாய் வழியே யுன்னானுக்குப் பாய்கிறது. இலவு காத்த கிளியின் கதையே இது. சீனத்தைத் தடுக்கும் பொருட்டுச் சகித்த அவமானம் சீனத்தையும் தடுக்கவில்லை, வாயுவையும் கொணரவில்லை.

2021 பிப்ரவரி முதல் தேதி ராணுவம் மீண்டும் ஆட்சியைக் கவர்ந்தது. மார்ச் 27-ஆம் தேதி நேபிடாவில் நடந்த படை அணிவகுப்பில் பிரதிநிதிகளை அமர்த்திய எட்டு நாடுகளுள் நம் நாடும் ஒன்று. அவர்கள் மேடையில் வீற்றிருந்த அந்த ஒரே நாளில், ஊர் ஊராக, சிறுவர் உள்பட நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதற்கு முந்தின நாள் மணிப்பூர் அரசு தன் எல்லை மாவட்டங்களுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்திருந்தது: அகதிகளுக்கு உணவும் இருப்பிடமும் தர முகாம் திறக்கலாகாது, வருவோரை மரியாதையாகத் திருப்பி அனுப்ப வேண்டும், படுகாயமுற்றோருக்கு மட்டும் மனிதாபிமான முறையில் சிகிச்சை அளிக்கலாம். துப்பாக்கிக்குத் தப்பி வந்து பசித்து நிற்பவனுக்கு மரியாதை எதற்கு? அவனுக்கு வேண்டியது ஒரு பிடி சோறும் ஒண்ட ஒரு கூரையுமே. ஜனங்களின் கண்டனத்தால் அந்த உத்தரவு மூன்றே நாளில் திரும்பப் பெறப்பட்டது. அதைப் பிறப்பித்த மனப்பான்மை திரும்பப் பெறப்படவில்லை. அவ்வாண்டு ஜூனில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் 119 நாடுகள் ராணுவத்தைக் கண்டித்து வாக்களித்தபோது, நடுநிலை வகித்த 36 நாடுகளுள் ஒன்றாக நம் நாடும் ஒதுங்கி நின்றது.

ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பொது எல்லை இருக்கையில், அங்கே அதிகாரத்தில் இருப்பவனோடுதானே பேச வேண்டும் என்று கேட்பார்கள். பேசட்டும்; தூதரகத்தை மூடவும் படையெடுக்கவும் யாரும் கோரவில்லை. கொலையாளியின் விழாவில் அமராதிருக்கவும், அவனுக்கு ஆயுதம் போகாமல் தடுக்கவும், அகதிக்குச் சட்டப்படி புகலிடம் தரவும், சபையில் உண்மையின் பக்கம் கையுயர்த்தவும் என்ன தடை? விடுதலை பெறுமுன்னரே, 1946-இல், நிறவெறிக்காகத் தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தைத் துண்டித்துக்கொண்டு, அவ்வாண்டே அந்த வழக்கை ஐக்கிய நாடுகள் சபைக்கு எடுத்துச் சென்ற தேசம் இது. அன்று நாம் ஏழைகள். வியாபார நஷ்டம் உறைத்திருக்கும். எனினும் அந்த நஷ்டத்தால் ஈட்டிய நற்பெயரை ஆப்பிரிக்கக் கண்டம் பல காலம் மறக்கவில்லை.

அந்தத் துணிவு இன்னும் முற்றும் அற்றுப்போகவில்லை. மணிப்பூர் கதவடைத்த அதே காலத்தில் மிசோரம் அரசு, அகதிகளைத் தடுக்கும்படி டெல்லியிலிருந்து வந்த கட்டளைக்கு இணங்க மறுத்தது. எல்லையான தியாவ் ஆற்றைக் கடந்து வந்த பர்மாவின் சின் இன மக்களுக்கு எல்லைக் கிராமத்தார் தம் வீட்டரிசியைப் பகிர்ந்தளித்தார்கள். ராஜதந்திரம் படித்தவர்கள் அல்லர் அவர்கள். ஆனால் இன்று நிலைமை என்ன? நம் பணத்தில் உருவான பர்மாவின் சித்வே துறைமுகத்திலிருந்து மிசோரத்துக்கு வரவேண்டிய கலாதான் பாதையில் உள்ள பலேத்வா நகரம், 2024 ஜனவரி முதல் தளபதிகளின் வசம் இல்லை. அவர்களை எதிர்த்துப் போராடும் அரக்கான் சேனையின் வசம் இருக்கிறது. மேடையில் நாம் வணங்கியவர்களுக்கு அந்தச் சாலையின்மீது அதிகாரம் இல்லாமற் போயிற்று. நாளை அவ்வழியே நம் சரக்கு வண்டிகள் செல்ல வேண்டுமானால், அக்கரை மக்களின் சம்மதத்தைத்தான் நாம் நாட வேண்டியிருக்கும்; அப்போது அவர்கள் நினைவில் நம் நாட்டுக்கு நல்லதொரு சாட்சியாக நிற்கப்போவது மிசோரத்துக் கிராமத்தார் அளந்து கொடுத்த அந்த அரிசியே.